மானியம் வராத கோல்டு ரூம்

வீட்டில் மாவு பொங்கினால் இட்லி மெத்தென்று வரும் என்று சந்தோஷப்படுவோம். கடையில் பொங்கினால் இழவு. போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் காலை எங்கள் மாவுக்கடையில் மாவைக் குளிர வைக்கிற கோல்டு ரூம் கதவைத் திறந்தபோது, முந்தின நாள் கட்டிவைத்த பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. சில பாக்கெட்டுகள் வெடித்து, தட்டுத் தட்டாக மாவு வழிந்து தரைக்கு வந்திருந்தது. புளித்த வாடை மூக்கைப் பொத்த வைத்தது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அமுக்கினார்.

"வெதுவெதுன்னு இருக்குட்டி," என்றார்.

கோல்டு ரூமில் இருந்து எடுத்த பொருளைப் பற்றி ஒரு மனுஷன் சொல்லக் கூடாத வார்த்தை அது.

எங்கள் கடை மயிலாப்பூரில், மாட வீதியை விட்டு உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. முன்னால் விற்பனை, நடுவில் கிரைண்டர்கள், பின்னால் கோல்டு ரூம். ரூம் என்று பெயர்தானே தவிர இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். அதற்குக் குளிர் கொடுக்கிற கம்ப்ரசர் வெளியே, பின்சந்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மாவுக்கடைக்கு கிரைண்டர்தான் முக்கியம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அரைக்க யாராலும் முடியும். அரைத்த மாவைச் சென்னை வெயிலில் புளிக்க விடாமல் அடுத்த நாள்வரை பிடித்து வைப்பதுதான் தொழில்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். மீசை முளைக்கும் முன்னமே தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தவர். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் மேலாளர் பார்ப்பார். அந்தக் கடையில் நின்ற வருஷங்களைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். கல்யாணம் ஆன புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார்: "இனிமே இன்னொருத்தன் கடையில போய் நிக்க மாட்டேன். பிச்சை எடுத்தாலும் என் வாசல்லதான் எடுப்பேன்." அந்த வாயால் சொன்ன சொல்லுக்காகத்தான் நாங்கள் இருவரும் ஆயுசு முழுக்க அரிசியும் உளுந்தும் களைந்து கொட்டினோம் என்று சொன்னால் தப்பில்லை.

மெக்கானிக் வந்தார். பல வருஷமாக எங்களுக்கு வருகிறவர்தான். கம்ப்ரசரைச் சுற்றி வந்து, பைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, தரையில் குந்தினார்.

"இன்னாக்கா, கேஸு ஃபுல்லா பூட்சி. எங்கனா லீக்கு கீது."

"போன வருஷமும் இதையேதானே சொன்னீங்க?"

"அத்த அடைச்சேன்ல. இது இன்னொரு எடம். பழைய பொருளாச்சேக்கா, ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வுடுது." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த கேஸையே கவர்மெண்டு நிறுத்திக்கினு வர்றான். இப்பவே கெடைக்க மாட்டேங்குது. கெடைச்சாலும் யான வெல. அடுத்த கோடைக்குள்ள மிஷின மாத்திடு. இல்லனா கடைய மூட வேண்டியதுதான்."

அன்று எப்படியோ எங்கிருந்தோ கேஸ் வாங்கி வந்து அடித்தார். அடிப்பதற்கு முன் உள்ளே மிச்சம் இருந்ததைத் திறந்துவிட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை. வருஷா வருஷம் கேட்ட சத்தம்தான். அது எங்கே போகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு கூட்டம். தை மாதக் கடைசியில் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில், உணவுத் தொழில் செய்கிற சிறு கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். பழைய குளிர்சாதனங்களை மாற்ற அரசு மானியம் தரப் போகிறது என்று சங்கத்து ஆட்கள் சொன்னார்கள். மண்டபத்து ஏசியை எந்த மகராசன் வைத்தானோ, நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இந்த ஏசி எந்த கேஸில் ஓடுகிறது என்று கேட்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சும்மா இருட்டி என்றார்.

திரையில் படம் போட்டார்கள். உருண்டையாகப் பூமி, அதைச் சுற்றிக் கம்பளி போர்த்தின மாதிரி ஒரு சிவப்புப் படலம். எங்கள் மிஷின்களில் இருக்கிற பழைய கேஸ் வெளியே கசிந்தால் அந்தக் கம்பளி கனத்துக்கொண்டே போகுமாம். கரியடுப்புப் புகையைவிட, கார் புகையைவிட இது பொல்லாதது என்றார் பேசியவர். அதனால் பூமியைச் சூடாக்காத புது கேஸில் ஓடும் மிஷினுக்கு மாறுகிறவர்களுக்குப் பெரும் பங்கு விலையை அரசே கொடுக்கும். மீதிக்கு வங்கிக் கடன். பழைய மிஷினை அவர்களே எடுத்துப் போய், அதில் இருக்கிற கேஸை ஒரு சொட்டு வெளியே போகாமல் பிடித்து அழித்துவிடுவார்கள்.

எல்லோரும் பூமியைக் காப்பாற்றக் கிளம்பிவிட்ட மாதிரி தலையை ஆட்டினோம். என் மாவு தப்பினால் போதும் என்றுதான் நான் போனேன். ஆனால் அந்தச் சிவப்புக் கம்பளி மனசில் ஒட்டிக்கொண்டது. சித்திரை வெயிலைத் திட்டுகிறோம், அந்த வெயிலுக்கு நாங்களும் எங்கள் பின்சந்திலிருந்து விறகு போட்டிருக்கிறோம். மாவுக் கவலையும் இந்த வெயில் பாவமும் ஒரே மருந்தில் தீரும் என்று சொல்கிறார்களே என்று நினைத்ததும் நிம்மதியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. புது மிஷின் சின்னதாக இருக்குமாம், அதனால் பின்சந்தில் இடம் மிஞ்சும், மிஞ்சின இடத்தில் இன்னொரு கிரைண்டர் போடலாம். கடைக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். எதையும் முடியும்முன் வெளியே சொல்லக் கூடாது என்று நான் முணுமுணுத்ததை யார் கேட்டார்கள்?

தெற்கு மாட வீதி மாமி ஒருவர் தினமும் தோசை மாவு வாங்க வருவார். அவர் காதுக்கும் போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி, கவர்மெண்ட்டே ஒங்காத்துக்கு ஐஸ் பெட்டி அனுப்பறதாமே?"

"ஆமா மாமி. எல்லாம் உங்க வரிப்பணந்தான்."

"அப்போ நேக்கு மாவு சும்மா குடுங்கோ. நானும் கேக்கறேன், ரெண்டு நாளா மாவு பொசுக்குன்னு புளிச்சுப்போயிடறது. சாயங்காலம் வார்த்தா வாய்ல வைக்க முடியலை. ஆத்துல கத்திண்டு இருக்கா."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க மாமி. புது மிஷின் வந்துட்டா உங்க மாவு நாலு நாளைக்கு அப்படியே நிக்கும்."

மாமி சிரித்துக்கொண்டே போனார். அவர் சொன்னது உண்மைதான். மாசி மாதமே ரூம் சரியாகக் குளிராமல் திணற ஆரம்பித்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கடைகளில் கம்பெனி மாவு வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த மானியத்தை விட்டால் வேறு வழி இல்லை.

பங்குனித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு, நாங்கள் போட்ட மானிய விண்ணப்பத்துக்காக அதிகாரி நேரில் பார்க்க வந்தார். சின்ன வயசுப் பெண். முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. கடையைப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க சார்," என்று மனசாரச் சொன்னார். நான் கொடுத்த மோரையும் வாங்கிக் குடித்தார். கடை உரிமம், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இப்ப கம்ப்ரசர் ப்ளேட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுது," என்றார்.

பின்சந்துக்குப் போனோம். கம்ப்ரசர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. அந்தப் பெண் தன் கைக்குட்டையை நனைத்துப் பொட்டை மெல்லத் துடைத்தார். கீழே கையகல அலுமினியத் தகடு பளபளவென்று இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"சார், இதுல எழுத்தே இல்லையே."

"என்ன எழுத்தும்மா?"

"கம்பெனி பேரு, சீரியல் நம்பர், என்ன கேஸ்ல ஓடுதுன்னு எல்லாமே இந்த ப்ளேட்லதான் போட்டிருப்பாங்க. அதை வெச்சுத்தான் இது பழைய கேஸ் மிஷின்னு நாங்க எடுத்துப்போம்."

என் வீட்டுக்காரர் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தால் எங்கள் கடையில் கிரைண்டர், தராசு, பாக்கெட் ஒட்டுகிற மிஷின் என்று எல்லாவற்றையும் நான் கழுவுவேன். கம்ப்ரசரை மட்டும் அவர் யாரையும் தொட விட மாட்டார். ரூம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது, அதற்கு உயிர் அந்தக் கம்ப்ரசரில் இருக்கிறது என்பார். விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு போய், அந்தத் தகட்டைப் புளி வைத்துத் தேய்ப்பார். அதற்கு மேல் பாத்திரம் தேய்க்கிற தூள். அதற்கு மேல் விபூதி. முகம் பார்க்கிற மாதிரி மின்னும்வரை விட மாட்டார். மின்னினால்தான் அங்கே பொட்டு வைப்பார், கம்ப்ரசருக்கு அதுதான் நெற்றி. ஆயுத பூஜைக்கு மட்டும் இல்லை, தைப்பொங்கலுக்கு, வருஷப் பிறப்புக்கு, கார்த்திகை தீபத்துக்கு, கடை ஆரம்பித்த நாளுக்கு என்று நல்ல நாள் வந்தபோதெல்லாம் தேய்த்தார். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருப்போம். இங்கிலீஷில் பொடிப்பொடியாக என்னவோ இருந்தது, போனால் என்ன என்று இருந்திருப்போம்.

"நான்தாம்மா தேச்சேன்," என்றார் அவர். "சாமி மாதிரி வச்சிருந்தேன்."

அந்தப் பெண் தகட்டுக்குக் கிட்டே குனிந்தார். போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து தகட்டின் மேல் வைத்து, பென்சிலால் உரசினார். ஒரு மூலையில் வளைவாக ஏதோ ஒரு எழுத்தின் பாதி வந்த மாதிரி இருந்தது. அது எழுத்தா கீறலா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"ஏம்மா, உள்ள என்ன கேஸ் இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"பண்ணலாம்மா. பாத்தாலே தெரியுது எனக்கு, இது பழைய கேஸ்தான். ஆனா ப்ளேட் போட்டோ ஏத்தலைன்னா போர்ட்டல் அடுத்த பக்கத்துக்கே போகாது. நான் என்ன செஞ்சாலும் போகாது." சற்று யோசித்து, "வாங்கின பில் இருந்தா அதை வெச்சு மேல கேட்டுப் பாக்கறேன். கண்டிப்பா கேக்கறேன்," என்றார்.

பில் எங்கே இருக்கும்? ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி மூடினபோது, சிந்தாதிரிப்பேட்டையில் பழைய குளிர்சாதனம் விற்கிற ஒருவரிடம் செகண்ட்ஹேண்டாக வாங்கியது அது. அதிகாரி போன பிறகு நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் ஆயுத பூஜை கும்பிடுகிறார்கள், உங்களைப் போல எவன் எழுத்து அழிகிறவரை தேய்க்கிறான், பக்திக்கு ஒரு அளவு வேண்டாமா என்று சந்தே கேட்கக் கத்தினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனோம். கூவத்து வாடை வீசுகிற அந்தத் தெருவில், எங்களுக்கு விற்றவரின் கடை இருந்த இடத்தில் அச்சகம் ஒன்று கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தது. விற்றவர் காலமாகிவிட்டார் என்றும், மகன் அதே தெருவில் மாடியில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். மகன் பனியனோடு இறங்கி வந்தார்.

"எங்க நைனா பில்லுலாம் எங்க சார் போட்டாரு? துண்டு சீட்டுல எழுதிக் குடுப்பாரு. அதுவும் இருந்ததெல்லாம் வெள்ளத்துல பூட்ச்சு. கீழ் வீடு முழுக்க தண்ணி. போட்டோ ஆல்பமே போச்சுன்னு எங்கம்மா இன்னும் அயுதுகினு கீது. பில்லுக்கு நான் எங்க போவேன்?"

அந்த மனிதரிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? காப்பி குடிக்கச் சொன்னார். குடிக்காமல் திரும்பினோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். மிஷின் செய்த கம்பெனியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். கம்பெனியின் பெயரே தகட்டோடு போய்விட்டது. மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டதற்கு, அரசு பயிற்சி பெற்ற மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மெக்கானிக் அந்தப் பயிற்சியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. "நான் கை வச்சா ஓடுது, எனுக்கு எதுக்குக்கா பேப்பரு?" என்று சிரித்தார். ஓடுவதும் அடுத்த வருஷமே திரும்பவும் கசிவதும்தான் அவர் கைராசி என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, சீரியல் நம்பர் இல்லாத மிஷினுக்குக் கையெழுத்துப் போட்டால் என் லைசென்ஸ் போய்விடும் என்று கும்பிடு போட்டுவிட்டார்.

ஒவ்வொரு தடவை அலுவலகத்துக்குப் போகும்போதும் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பெண் அதிகாரி எழுந்து நின்று பேசுவார். மேலே கேட்டிருக்கிறேன் சார், இன்னும் பதில் வரவில்லை சார் என்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

சித்திரை பிறந்து, வெயில் ஏறி, கத்திரியும் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று போனுக்குச் செய்தி வந்தது. காரணம் என்ற இடத்தில், பழைய கருவியின் அடையாளம் உறுதி செய்யப்படவில்லை என்று இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் இந்தத் தவணைக்கு ஒதுக்கிய பணம் முடிந்துவிட்டது, அடுத்த தவணை எப்போது என்று தனக்கே தெரியாது என்றார். குரல் கம்மியிருந்தது. போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார், "அடையாளம்னா என்னட்டி?" வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் கேட்கவில்லை அவர். உளுந்து களைய எழுந்து போய்விட்டேன்.

அதே வாரம் கம்ப்ரசர் நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து, கேஸ் இல்லை என்றார். வாங்கவும் கிடைக்கவில்லை என்றார். ஐஸ் கட்டிகளை வாங்கி அடுக்கிப் பார்த்தோம். உருகின தண்ணீர்தான் மிச்சம். மாவு முழுக்கப் புளித்துப் பொங்கியது. அண்டா அண்டாவாகத் தூக்கிக்கொண்டு போய் சாக்கடையில் ஊற்றினார். சந்து நெடுக வெள்ளையாக ஓடியது. இருவருமாகச் சேர்ந்து களைந்து, அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்த மாவு. அரிசியைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்த மனிதர், கடைசி அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன், அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க ஆள் இருந்திருக்காது.

வைகாசியில் கடையைக் காலி செய்தோம். கோல்டு ரூமையும் கம்ப்ரசரையும் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டோம். அவருடைய ஆட்கள் கம்ப்ரசரைத் தூக்க முடியாமல் செப்புக் குழாயை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் போல. உஸ்ஸென்று சீறிக்கொண்டு எல்லாம் வெளியே போனது. ஒரு சொட்டு வெளியே போகாமல் பிடித்து அழிக்கப் போகிறோம் என்று மண்டபத்தில் சொன்னார்களே, அந்த கேஸ்தான். எங்கள் தலைக்கு மேல், மயிலாப்பூர் வானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பிடிக்க ஒதுக்கிய பணம் எங்கேயோ யாருக்கோ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். ரொம்பக் கசிகிற மிஷின் வைத்திருப்பவனால்தான், அது கசிகிறது என்று காட்ட முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்த்தேன். அடையாறில் எங்கள் பழைய வாடிக்கைக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோது, திரும்புகிற வழியில் தண்ணீர் வாங்க ஒரு பெரிய கடையில் ஏறினேன். பல ஊரில் கிளை வைத்திருக்கிற கடை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் குளிர்பெட்டிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர்: அரசு மானியத்தில் வைத்தது, பூமியைச் சூடாக்காத வாயுவில் ஓடுவது. முன்பு அங்கே இருந்த பெட்டிகளும் பார்ப்பதற்குப் புதுசாகத்தான் இருந்தன, எனக்கு நினைவிருக்கிறது. பில்லும் நம்பரும் ஃபைலில் இருந்திருக்கும். விண்ணப்பம் போடுவதற்கென்றே அவர்களிடம் ஒரு ஆள் சம்பளத்துக்கு இருப்பார். தப்பென்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டிகளும் கசியாமல் இருந்தால் நல்லதுதான். ஆனால் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது, உள்ளேயிருந்து முகத்தில் வீசின குளிரை என்னால் தாங்க முடியவில்லை. பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆனியும் ஆடியும் அப்படியே போயின. வாடகை, கடன், வைத்தியச் செலவு எதையும் அவரிடம் நான் பேசவில்லை. ஆவணியில் ஒரு நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வேலைக்குப் போகிறேன் என்றார். எங்கே என்று கேட்டேன். அடையாறு பக்கம், ஒரு கடை, தெரிந்தவர் சொல்லி எடுத்திருக்கிறார்கள் என்றார். கடைப் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவருடைய பையைத் துவைக்க எடுத்தபோது, உள்ளே மடித்து வைத்த பச்சைச் சட்டை இருந்தது. தண்ணீர் வாங்க ஏறினேனே, அந்தக் கடையின் ஆட்கள் போடுகிற சட்டை. தெருவில் போட்டுக்கொண்டு வரக் கூசி, அங்கேயே மாற்றிக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது. எடுத்த மாதிரியே மடித்து வைத்துவிட்டேன்.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் கால் தன்னால் அடையாறு பஸ்ஸில் ஏறிவிட்டது. கடைக்குள் போய், பிஸ்கட் அடுக்கின வரிசைக்குப் பின்னால் நின்றேன். பச்சைச் சட்டையில் அவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கம்பெனி மாவு பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய தேதி போட்டதை முன்னுக்கு, புதுசைப் பின்னுக்கு. கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். சட்டை தோள்பட்டையில் தொங்கியது. இந்த வயசுக்காரர்களுக்கு என்று அவர்கள் அளவெடுத்துத் தைப்பதில்லை.

முதுகில் பை மாட்டின ஒரு பெண் வந்து கேட்டாள், "அங்கிள், இதுல எந்த மாவு நல்லா இருக்கும்?"

எங்கள் கடையில் யாராவது கம்பெனி மாவைப் பற்றிப் பேச்செடுத்தால், அது மாவாம்மா, சுண்ணாம்புக் கரைசல் என்று அடித்துப் பேசுகிறவர். அவர் ஒரு பாக்கெட்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்கிப் பார்த்தார்.

"இது எடுத்துக்கோங்க மேடம். இட்லி நல்லா வரும்," என்றார்.

அந்தப் பெண் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக் கதவில் பின்னால் இருப்பவர்கள் நிழலாகத் தெரிவார்கள். ஒரு கணம் அவர் கை கதவுப் பிடியிலேயே நின்றது. திரும்பவில்லை. நான் வந்த வழியே வெளியேறிவிட்டேன்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். கால் கழுவினார். தட்டுக்கு முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் கேட்டார்.

"இன்னிக்கு அடையாறு பக்கம் வந்தியாட்டி?"

"இல்லையே," என்றேன். "நான் எதுக்கு அங்க வரப் போறேன்?"

"அப்ப வேற யாரோ," என்றார். ரசத்தை ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.